காப்பு

போன வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கலிபோர்னியாவில் மகன் வீட்டில் இருந்தோம். கோல்டன் கேட் பாலம், டிஸ்னிலேண்டு என்று எழுதி உங்களைப் படுத்த மாட்டேன். எனக்கு முன்னால் போய்வந்த பென்ஷன்காரர்கள் அதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இது அங்கே பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அம்மாளைப் பற்றியது. எழுதலாமா என்று கேட்டேன். "விஷயத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

காலை நடையில் பழக்கமானவர். பள்ளிக்கூட நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான், 1958-ல் பிறந்தவர். தனியாக இருக்கிறார். அவர் வீட்டு எலுமிச்சை மரம் காய்த்துக் கொட்டும். பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பார். என் மனைவி ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் திருப்பிக் கொடுத்தாள். அதை ரொட்டியில் தடவி, கண்ணில் தண்ணீர் வர வர, விடாமல் சாப்பிட்டதாகச் சொன்னாரே, அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். ஒருவர் இங்கிலீஷ் மற்றவருக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் பேச்சு மட்டும் நிற்காது.

ஜூன் மாதம் ஒருநாள் என்னிடம், "நீங்கள் தபால்காரராமே? உங்கள் பேத்தி சொன்னாள். உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்" என்றார்.

நான் தபால்காரர் இல்லை. ஆர்.எம்.எஸ்.ஸில் 38 வருஷம் சார்ட்டிங் வேலை. ராத்திரி ரயிலில், ஆடும் மெயில் வேனில் நின்றபடி, புறாக்கூண்டு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும் அடுக்கில் ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போடுவோம். ஒரு கடிதத்தையும் யார் கையிலும் கொடுத்தது கிடையாது. இந்த வித்தியாசத்தை என் மாமியாருக்கே கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை. அந்த அம்மாளிடம் முயற்சி செய்யவில்லை. "என்ன யோசனை?" என்றேன்.

"எழுதி, போடாமல் வைத்த கடிதத்தை 50 வருஷம் கழித்துப் போடலாமா?"

அன்று சாயங்காலம் நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். செருப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். உள்ளே 41 உறைகள். ஒன்றிலும் தபால்தலை இல்லை, முகவரி இல்லை. ஒரே ஒரு பெயர் மட்டும், சின்னப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில். அடியில் தனியாக ஒரு கடிதம். அதில் மட்டும் 8 சென்ட் ஐசனோவர் தலையும் 1973-ம் வருஷ முத்திரையும் இருந்தன. பழக்கதோஷம், நான் முதலில் பார்த்தது முத்திரையைத்தான்.

அந்தப் பெயர் அமெரிக்க விமானப்படை அதிகாரி ஒருவருடையது. 1967-ல் வட வியட்நாமின் மேல் பறந்தபோது சுடப்பட்டு, பிடிபட்டு, ஹனோயில் சிறையில் இருந்தவர். இந்த அம்மாளுக்கு உறவு இல்லை, ஊர்க்காரர் இல்லை, போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. 13 வயதுப் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு அவரைத் தெரிந்தது ஒரு காப்பினால்.

அந்தக் காப்புக் கதையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பிறகு மகனை நூலகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி, கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1970-ல் லாஸ் ஏஞ்சல்சில் 'விவா' என்ற மாணவர் அமைப்பு இருந்தது. கரோல் பேட்ஸ், கே ஹன்டர் என்ற இரண்டு கல்லூரி மாணவிகளுக்கு, பாப் டோர்னன் என்ற தொலைக்காட்சிக்காரர் கையில் போட்டிருந்த, வியட்நாம் மலைவாசிகள் கொடுத்த காப்பைப் பார்த்து யோசனை வந்தது. ஒரு தகட்டு வளையத்தில் ஒரு கைதியின் பெயர், பதவி, அவர் காணாமல்போன தேதி. அவ்வளவுதான். அந்த வருஷம் நவம்பர் 11-ல் விற்பனை ஆரம்பித்தது. விலை இரண்டரை டாலர். அப்போது மாணவர்களுக்கு சினிமா டிக்கெட் விற்ற விலையையே வைத்தார்களாம். உச்சத்தில் ஒரே நாளில் 12,000 பேர் கேட்டு எழுதினார்கள். எல்லாம் முடிந்தபோது கிட்டத்தட்ட 50 லட்சம் காப்புகள் போயிருந்தன. ஒரே பெயர் பல ஊர்களில், பல கைகளில்.

நிபந்தனை ஒன்றுதான். அந்த மனிதர் வீடு திரும்பும் வரை, அல்லது அவருக்கு என்ன ஆனது என்று தெரியும் வரை, கழற்றக் கூடாது. திரும்பி வந்தால் காப்பை அவருக்கே அனுப்பிவிட வேண்டும்.

இதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். "நம்ம மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டுகிற மாதிரிதானே? திருவிழா முடிகிற வரை கழற்றக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது" என்றாள். அதையே அந்த அம்மாளுக்கும் ஏதோ ஒரு மாதிரி விளக்கிவிட்டாள். அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏன் 41 கடிதங்களையும் போடவில்லை என்று கேட்டேன். போட்டால் போகாது. அந்தக் கைதிகளை வட வியட்நாம் போர்க்கைதிகள் என்று ஒப்புக்கொள்ளவில்லை, போர்க்குற்றவாளிகள் என்றது. போர்க்கைதி என்றால் ஜெனீவா ஒப்பந்தப்படி கடிதம் எழுதவும் பெறவும் உரிமை உண்டு. குற்றவாளிக்கு அது சலுகை. முதல் சில வருஷங்களில் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. பிற்பாடு ஆறேழு வரிக்குமேல் எழுத இடமில்லாத படிவம் ஒன்று அனுமதிக்கப்பட்டது. அதுவும் வீட்டாருக்குத்தான். அன்னியர் எழுதியதை யார் உள்ளே விடப்போகிறார்கள்?

1970 ஜனவரியில் கோரா வைஸ் முதலானவர்கள் ஒரு குழு ஆரம்பித்து, ஹனோய்க்குப் போய்வரும் ஆட்களிடம் கடிதங்களைக் கொடுத்து அனுப்பி வாங்கினார்கள். அவர்கள் போரை எதிர்த்தவர்கள். கைதிகளின் வீட்டார் பலருக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் கணவன் கையெழுத்து வேண்டுமென்றால் அவர்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும். அரசாங்கத்தின் தபால் ஓடாத இடத்தில், அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் பை தூக்கினார்கள். தபாலில் இருந்தவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

சிறைக்குள்ளேயே இன்னொரு தபால் ஓடியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஹோவா லோ சிறை. பல பேருக்குத் தனிக்கொட்டடி, பேசினால் அடி. அதனால் சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டம், 25 எழுத்து. இங்கிலீஷில் 26 ஆயிற்றே என்றால், 'கே'யை விட்டுவிட்டு அதற்கும் 'சி'யையே தட்டுவார்கள். முதலில் எந்த வரிசை, பிறகு அந்த வரிசையில் எத்தனையாவது கட்டம். கட்டம் கட்டமாகப் பிரித்து 38 வருஷம் ஓட்டியவனுக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. நான் பிரித்தது காகிதம். அவர்கள் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, சுவரின் அந்தப் பக்கம் பட்டுவாடா செய்திருக்கிறார்கள்.

அந்த அம்மாள் கதைக்கு வருகிறேன்.

1971 ஆரம்பத்தில், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சம்பாதித்த காசில் காப்பு வாங்கினார். வகுப்பில் பாதிப் பேர் கையில் இருந்ததாம். "உண்மையைச் சொன்னால் முதலில் அது ஃபேஷன்" என்றார். பிறகுதான் அந்தப் பெயர் அவரை விடவில்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கையில் கிடக்கிறது. கணக்குப் பரீட்சையில் விடை தெரியாமல் திருப்பித் திருப்பி அதையே படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். திரும்பி வந்ததும் மொத்தமாகக் கொடுப்பதாக எண்ணம்.

சிலவற்றைப் படிக்கக் கொடுத்தார். நாய் செத்துப்போனது. அண்ணன் தலைமுடி வளர்க்கிறான், அப்பா கத்துகிறார். ஒன்றில், நிலவில் கார் ஓட்டுகிறார்கள் என்று எழுதிவிட்டு, "மனிதன் நிலவில் இறங்கியதாவது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் அதற்கு முன்பே பிடிபட்டுவிட்டீர்களே, யாராவது சொன்னார்களா?" என்று கேட்டிருந்தார். 13 வயதுக்கு நல்ல கேள்வி. 1967-ல் உள்ளே போனவருக்கு உலகம் 1967-லேயே நின்றிருக்கும் என்பதை அந்தப் பெண் தானாக யோசித்திருக்கிறாள்.

1972 மே மாதத்தோடு கடிதங்கள் நின்றுவிட்டன. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

கல்லூரியில் படித்த அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் அவள் கையைப் பார்த்து, "நிக்சனுக்கு நீ விளம்பரப் பலகையா?" என்றான். அப்பா இரண்டாம் உலகப்போரில் இருந்தவர். சண்டை மூண்டது. கடைசியில் அண்ணன் அவளிடம் மட்டும் மெதுவாகக் கேட்டானாம்: "உன் கையில் குண்டு போட்டவன் பெயர் இருக்கிறது. குண்டு விழுந்த இடத்தில் இருந்தவன் பெயர் யார் கையில் இருக்கிறது?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி காப்பைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டாள். "இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது" என்றார் அம்மாள்.

அண்ணன் கேட்டது நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் போரில் காணாமல்போன அமெரிக்கர்களில் இன்னும் 1,500-க்கு மேற்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எலும்புத்துண்டு கிடைத்தாலும் சோதித்துப் பெயர் கண்டுபிடிக்கிறார்கள். வியட்நாமியர்களில் இரண்டு, மூன்று லட்சம் பேர் என்னவானார்கள் என்றே தெரியாது. அவர்கள் பெயரைப் பொறிக்க எவ்வளவு தகடு வேண்டும்? அதே சமயம், 13 வயதுப் பெண் ஒருத்தி யாரோ ஒரு கைதியை நினைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதியது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

1972 டிசம்பர் 18-ல் அமெரிக்க விமானங்கள் ஹனோய் மேல் குண்டு போடத் தொடங்கின. 29-ந் தேதி வரை நடந்தது. பாக் மை மருத்துவமனை மேலேயே குண்டு விழுந்தது. தொலைக்காட்சியில் செய்தி பார்த்த பெண்ணுக்கு ஒரே பயம்: இவர் அந்த ஊருக்குள்தானே இருக்கிறார்? இழுப்பறையைத் திறந்து காப்பை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டாள். நடுவில் ஏழு மாதம்.

1973 ஜனவரி 27-ல் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கைதிகள் பட்டியல் வெளியானது. செய்தித்தாளில் அவர் பெயர் இருந்தது. பிப்ரவரி 12 முதல் விடுவித்தார்கள். முதலில் நோயாளிகளும் காயம்பட்டவர்களும், பிறகு பிடிபட்ட தேதி வரிசையில். மொத்தம் 591 பேர். இவருடையவர் மார்ச்சில் வந்தார். பிலிப்பைன்ஸில் விமானப் படிக்கட்டில் வரிசையாக இறங்கியவர்களில் எவர் அவர் என்று தெரியாமலேயே அழுதாளாம்.

காப்பைக் கழற்றி, ஒரு கடிதம் எழுதி, பொட்டலம் கட்டி அனுப்பினாள். அந்தக் கடிதத்தில் ஒரு வரி: "வாங்கிய நாளிலிருந்து ஒரு நிமிஷம்கூடக் கழற்றவில்லை."

41 கடிதங்களை ஏன் சேர்த்து அனுப்பவில்லை? "தேதி வரிசையாகப் பார்த்தால் மே மாதத்தோடு நின்றது தெரிந்துவிடுமே" என்றார்.

பதில் வந்தது, இலையுதிர் காலத்தில். அதுதான் ஐசனோவர் தலை ஒட்டிய உறை. உள்ளே இருந்தது அச்சடித்த கடிதம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்தவர்களுக்கு நூற்றுக்கணக்கிலும், சிலருக்கு ஆயிரக்கணக்கிலும் காப்புகளும் கடிதங்களும் குவிந்தன. அவர்களில் பலருக்கு வெளியே வந்தபிறகுதான் காப்பு விஷயமே தெரியும். ஐந்தாறு வருஷம் ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஏங்கியவன் வீட்டு வாசலில் சாக்குச் சாக்காகத் தபால் வந்து இறங்கினால் என்ன செய்வான்? இவர் அச்சடித்து அனுப்பினார். ஆனால் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்: "உன் வயதில் ஒரு நிமிஷம்கூடக் கழற்றாமல் இருந்தது சாதாரண விஷயம் இல்லை. என்னால் முடிந்திருக்காது."

அம்மாள் அந்த வரியை எனக்குக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 51 வருஷமாகக் குத்திக்கொண்டிருப்பது அதுதான். பத்திரிகையில் பார்த்தாராம், அந்த மனிதர் நான்கு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். ஒரு மகள் இருக்கிறார். அவருக்கு உண்மையை எழுதி, இந்த 41-ஐயும் சேர்த்து அனுப்பலாமா, அல்லது கிழவிக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பாரா? அதுதான் என்னிடம் கேட்ட யோசனை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் மடியிலும் கனம் இருந்தது. அன்று ராத்திரி மனைவியிடமும் இரண்டு நாள் கழித்து அந்த அம்மாளிடமும் அதைச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அதே 1971. டிசம்பரில் பாகிஸ்தானோடு போர். நான் காவிரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சார் கரும்பலகையில் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிப்போட்டு, எல்லையில் இருக்கும் ஜவானுக்கு ஆளுக்கொன்று எழுதச் சொன்னார். 40 பையன்களும் அதையே பார்த்து எழுதினோம். நான் கெட்டிக்காரத்தனமாகச் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன்: உங்களுக்காகப் பிள்ளையாருக்குத் தினமும் விளக்குப் போடுகிறேன். போடவில்லை. ஒருநாள்கூடப் போடவில்லை.

மார்ச் மாதம் என் பேருக்குப் பள்ளிக்கூட விலாசத்தில் ஒரு கடிதம் வந்தது. 40 பேரில் எனக்கு மட்டும். அனுப்பியவர் விலாசம் 56 ஏ.பி.ஓ. என்று இருந்தது. உள்ளே முழுக்க ஹிந்தி. 1968-லேயே பள்ளிக்கூடங்களில் ஹிந்தியை எடுத்தாகிவிட்டது. ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. கடைசியில் கடைத்தெருவில் அடகுக்கடை சேட்டிடம் கொண்டுபோனேன். அம்மாவின் வளையல் அங்கே இருந்ததால் அந்தப் படி ஏறவே கூச்சம். சேட்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்து, உடைந்த தமிழில் சொன்னார். அந்த ஜவானுக்கு என் வயதில் ஒரு மகன் இருக்கிறானாம். பிள்ளையார் என்பது எந்த சாமி, தனக்குத் தெரியவில்லையே என்று கேட்டிருக்கிறாராம். பதில் எழுதச் சொல்லியிருக்கிறாராம்.

"கணேஷ்ஜி என்று எழுது தம்பி. நான் ஹிந்தியில் எழுதித் தருகிறேன், நாளைக்கு வா" என்றார் சேட்டு.

நான் போகவில்லை. கூச்சம், சோம்பல், பொய் சொன்ன பயம், எல்லாம்தான். அந்தக் கடிதமும் எங்கேயோ தொலைந்துவிட்டது. அவர் எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் நினைவில்லை. பிறகு வேலையில் சேர்ந்து, 56 ஏ.பி.ஓ. என்று எழுதிய கடிதம் கையில் வரும்போதெல்லாம் ஒரு விநாடி கை நிற்கும். ராத்திரி ரயிலில் எத்தனை முறை வந்திருக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது.

இதைக் கேட்டதும் அந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம், "நீங்கள் என் இடத்தில் இருந்தால் போடுவீர்களா?" என்றார்.

எங்கள் இலாகாவில் ஒரு விதி உண்டு. கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகும், பட்டுவாடா ஆகும் வரை, அனுப்பியவர் உரிய மனு கொடுத்தால் திரும்பப் பெறலாம். அதைச் சொன்னேன். "போட்டுவிட்டு மனசு கேட்கவில்லை என்றால் திரும்ப வாங்கலாம். போடாததை என்ன செய்ய முடியும்?" அங்கேயும் அந்த வசதி இருக்கிறதா என்று மகனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

ஜூலை இரண்டாவது வாரம் மூன்று பேருமாகத் தபால் ஆபீசுக்குப் போனோம். புதிதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஏழு மாதக் கதை, அண்ணன் கேட்ட கேள்வி, எல்லாம். பொட்டலத்தை எடைபோட்ட பெண், உடையும் பொருள், திரவம், தீப்பிடிக்கும் பொருள் ஏதாவது உண்டா என்று மனப்பாடமாகக் கேட்டாள். "இல்லை, கடிதங்கள் மட்டும்" என்றார் அம்மாள். ரசீதை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். திரும்பப் பெறும் மனு கொடுக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் அவர் நடைக்கு வரவில்லை.

ஆகஸ்டில் மகளிடமிருந்து பதில் வந்தது. கையால் எழுதிய கடிதம், நான்கு பக்கம். 41-ஐயும் படித்துவிட்டாராம், நிலவில் கார் ஓட்டிய கடிதத்தைத் தன் மகனுக்கு வாசித்துக் காட்டினாராம். அப்பா வந்த காப்பு ஒன்றையும் தூக்கிப்போடவில்லை. வண்டிக் கொட்டகையில் இரண்டு பெரிய பெயிண்ட் வாளி நிறைய இருக்கின்றன. உங்களுடையதைத் திருப்பி அனுப்ப ஆசை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே தேதி. எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மாள் அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். காம்பஸ் முனையால் உட்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருந்ததாகச் சொன்னார். "கீறல் இன்னும் இருக்குமா தெரியாது, அப்போதே சரியாக விழவில்லை."

அந்த மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். நாங்கள் செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறும்போது முதல் வாளியில் பாதிதான் முடிந்திருந்தது. அந்த அம்மாள் எங்களை வழியனுப்ப வந்தபோது என் மனைவி மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். "இதை எப்போது கழற்ற வேண்டும்?" என்று கேட்டார். "அது கிடைக்கட்டும்" என்றாள் இவள், தமிழிலேயே.